நின்ற வண்டிக்கும் வயதாகும்

மீட்டரில் நாலாயிரம் கிலோமீட்டர்கூடக் காட்டாத வண்டியைப் பார்த்ததும் ‘புது வண்டி’ என்று எடுத்துக்கொள்கிற பழக்கத்தைச் செட்டிநாட்டில் மெக்கானிக் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் விட்டுவிட வேண்டும். நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் பல பெரிய வீடுகள் வருஷத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், கோலாலம்பூரில் இருப்பார்கள். பொங்கல், படைப்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்கு வரும்போது போய்வர ஒரு வண்டி வேண்டுமே என்று வாங்கி, முகப்பில் உறை போட்டு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் வண்டிகளும் சின்ன வீடுகளின் தாழ்வாரத்தில் இப்படித்தான் நிற்கின்றன. மதுரையில் வண்டி ஓடிக் கெடுகிறது, இங்கே நின்று கெடுகிறது. அதனால் இந்தப் பக்கத்து மெக்கானிக் “எவ்வளவு ஓடியிருக்கு?” என்று கேட்பதற்கு முன்னால் “எத்தனை மாசமா நிக்குது?” என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கம்பெனிக்காரர்கள் கையேட்டில் சர்வீஸுக்குக் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டு, எது முந்துகிறதோ அது என்று அச்சடித்துத்தான் தருகிறார்கள். அந்த இரண்டாவது கணக்கை வண்டிக்காரரும் படிப்பதில்லை, பட்டறைக்காரரும் சொல்வதில்லை.

பெட்ரோலிலிருந்து தொடங்குவோம். திறந்தும் மூடியும் கிடக்கிற டேங்கில் பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது சில மாதங்களில் வார்னிஷ் வாடை அடிக்கத் தொடங்கும். கார்பரேட்டர் வண்டியில் அது பிசினாகிப் படிகிற முதல் இடம் பைலட் ஜெட், ஏனென்றால் அதன் ஓட்டைதான் இருப்பதிலேயே சின்னது. சோக் போட்டால் கிளம்பும், ஐடிலில் நிற்காது, ஆக்ஸிலேட்டரை விட்டால் அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு “கார்பரேட்டரே போச்சு” என்று சொல்வது சுலபம். ஜெட்டைக் கழற்றி கிளீனர் அடித்து, காற்று விட்டு ஊதினால் பெரும்பாலும் முடிந்துவிடுகிற வேலை அது. ஆனால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் வண்டி பெட்ரோல் குடிக்கும். எத்தனாலும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2022இல் 10 சதவீதக் கலப்பை எட்டினார்கள், 2025இல் 20 சதவீதம் ஆனது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை அந்த ஈரம் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான்.

“எங்க அப்பாவோட டி.வி.எஸ். 50 ஆறு மாசம் நிக்கும், வந்து ரெண்டு மிதி மிதிச்சா கிளம்பும்” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1980இல் வந்த அந்த வண்டி கிளம்புவதற்கு பேட்டரியை எதிர்பார்க்காது, அன்றைய பெட்ரோலில் எத்தனாலும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 புகை விதி வந்தபோது பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் போய், இன்ஜெக்‌ஷன் வந்தது. இப்போது டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஒரு பம்பும், மயிரிழை ஓட்டைகள் உள்ள இன்ஜெக்டரும், இரண்டையும் இயக்க மின்சாரமும் வேண்டும். கிக்கரே இல்லாத வண்டிகளும் பெருகிவிட்டன. ஆகவே நின்ற வண்டி வந்தால் சாவியைப் போட்டு, பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்காரமிடுகிறதா என்று காதால் கேட்டுவிட்டு, அடுத்ததாக மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கி வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. எங்கள் பக்கத்து வெயில் இதை இன்னும் வேகப்படுத்துகிறது. ஸ்கேனர் இருந்தால் எல்லாம் சொல்லிவிடும் என்று நம்புகிற பையன்களுக்கு ஒன்று: சென்சார் கெட்டிருந்தால் ஸ்கேனர் சொல்லும், பெட்ரோல் கெட்டிருப்பதை மூக்குதான் சொல்லும். எலி கடித்த ஒயரையும் சீட்டைக் கழற்றிப் பார்க்கிற கண்தான் கண்டுபிடிக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் “வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவது ஊர் வழக்கம். மெக்கானிக்குகளே சொல்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது சைலன்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பது அப்படித்தான். செல்ஃப் அடிக்கச் செலவான கரண்ட்கூட அந்த ஐடிலில் பேட்டரிக்குத் திரும்பி வராமல் போகலாம். ஓட்டுவதானால் காரைக்குடி வரை ஓட்டிவிட்டு வரட்டும். ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்: பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கார்பரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் டேப்பை அடைத்து, கார்பரேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து பெட்ரோலை வடித்து, டயரில் காற்றடித்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, செயினுக்கு ஆயில் தடவிவிட்டால் போதும்.

இதற்கெல்லாம் வருகிற பலமான ஆட்சேபணை காசு பற்றியது. “ஓடாத வண்டிக்கு ஆயில் மாத்தச் சொல்றான், காசு பறிக்கிறான்” என்று வண்டிக்காரர் சந்தேகப்படுகிறார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஓடாத வண்டியைக் காட்டி செயின் செட்டையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்றிப் பில் போடுகிற பட்டறைகள் இல்லாமல் இல்லை. பதில் வாய்ப்பேச்சில் இல்லை, எண்ணில் இருக்கிறது. பேட்டரியின் வோல்ட்டை அவர் கண் முன்னே காட்டலாம். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது என்று படித்துக் காட்டலாம். பட்டன் தேயாமலே ரப்பர் வெடித்திருப்பது அப்போது அவருக்கே தெரியும். புது டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம் என்று சொன்னால், டிஸ்க் பிரேக்குக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏன் ஆயில் மாற்றச் சொல்கிறோம் என்பது விளங்கும். இவற்றை ஒரு சீட்டில் எழுதி, மாற்றத் தேவையில்லாதவற்றையும் அதிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்: பிரேக் ஷூ நன்றாக இருக்கிறது, செயின் நன்றாக இருக்கிறது, தொடவில்லை. பேரேடு எழுதிப் பழகிய ஊர் இது. எழுதிய கணக்கை மதிப்பார்கள், பார்த்துச் சொன்னதற்கான கூலியையும் முணுமுணுக்காமல் தருவார்கள்.

எலக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். வடிக்க பெட்ரோல் இருக்காது, அவ்வளவுதான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரியையும் துருவையும் ஆராய்வதும் அங்கே நடக்கிற வேலை. பேட்டரி இருக்கிற வரை அந்த வேலை தீராது. லித்தியம் பேட்டரியும் ஓடாமலே மூப்படையும். முழு சார்ஜில் வெயில் தாக்கும் இடத்தில் கிடந்தால் சீக்கிரமாக, சுத்தமாக இறங்கிப்போய்க் கிடந்தால் இன்னும் மோசமாக. ஊரிலிருந்து கிளம்புகிறவரிடம் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்தச் சொல்லி, மாதம் ஒருமுறை அளவு பார்க்க ஆள் வைப்பது அப்போதும் பட்டறைக்காரர் செய்யக்கூடிய வேலைதான். அதற்கு வருஷச் சந்தா என்று ஒரு தொகை பேசிக்கொள்வதிலும் தப்பில்லை.