சுரங்க நீரும் கிணற்று நீரும்: கணக்குப் போடும் கணிப்பொறி

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்குப் பெரிய இடையூறு தண்ணீர்தான். நிலக்கரிப் படிவத்தின் கீழுள்ள மணற்படுகையில் நீர் கடும் அழுத்தத்தில் உள்ளது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரத்திற்கு இது சமம். மேல்மண்ணை அகற்றினால் இந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்து பொங்கிவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் மூலம் இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள்.

சுற்றுப்புற விவசாயிகளின் ஆழ்துளைக் கிணறுகளும் இதே படுகையை நம்பி உள்ளன. சுரங்கத்தில் குறைவாக இறைத்தால் வேலையாட்களுக்கு ஆபத்து. தேவைக்கு மேல் இறைத்தால் பாசனக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். சரியான அளவை அறியக் கணிப்பொறி உதவுகிறது.

கணக்கிடும் முறை

வயலைப் பாத்திகளாகப் பிரிப்பதுபோல் நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மணற்படுகையின் கனம், நீர் ஊடுருவும் தன்மை, மழையால் ஊறும் நீர், இறைக்கும் நீர் ஆகியவை கணிப்பொறிக்குத் தரப்படும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்லும் நீரை அது கணக்கிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1984-ல் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்ற கணக்கு முறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு பம்பை நிறுத்தினால் என்ன ஆகும், மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடலாம்.

கணிப்பொறி காட்டும் நீர்மட்டம், கிணறுகளில் அளந்த நீர்மட்டத்துடன் ஒத்துப்போக வேண்டும். அளவு எடுக்காத ஊரில் கணக்கு வெறும் ஊகமே.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. திறந்த கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு குறியிட்டு, எப்போதும் அங்கிருந்தே அளக்கவும்.

2. பம்புசெட் ஓட்டுவதற்கு முன், அதிகாலையில், எடை கட்டிய கயிற்றை விட்டு நீர்மட்டத்தை அளக்கவும்.

3. மாதம் ஒருமுறை முடியாவிட்டால், மே மாதக் கடைசியிலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் தவறாமல் அளக்கவும்.

4. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை மேலும் கீழே இறக்கினால், தேதியையும் ஆழத்தையும் குறித்துவைக்கவும்.

நீர் இறங்கியது மழைக் குறைவாலா, சுரங்க இறைப்பாலா, பாசன இறைப்பாலா என்று பிரித்தறியப் பல ஆண்டுக் குறிப்பு தேவை. அத்தகைய நோட்டு கையில் இருந்தால், குறைதீர்க்கும் கூட்டத்தில் விவசாயியின் சொல்லுக்கு வலு கூடும்.