வராத மடிக்கணினிக்கு விலை பேசலாமா?

இன்றைய பல்கலைக்கழக வாழ்க்கையில் மடிக்கணினி இன்றி இடுபணியும் இல்லை, படைப்பும் இல்லை. கல்விக் கடனுதவி கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் கணக்குப் பார்ப்பது மடிக்கணினிக்குத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர் வருவார். "இப்ப வாங்காத, அடுத்த மாடல் வருதாம். இதவிட நல்லா இருக்குமாம், விலையும் குறைவாம்" என்பார். இந்த 'ஆம்' எல்லாவற்றையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் ஆண்டில் என் பழைய மடிக்கணினியின் மின்கலம் செயலிழந்தது. லோரி ஓட்டும் அப்பா சேர்த்து வைத்த 2,800 ரிங்கிட்டை என்னிடம் கொடுத்தார். நானோ, வரப்போவதாகச் சொல்லப்பட்ட ஒரு மாடலுக்காக ஒன்றரைப் பருவம் காத்திருந்தேன். இரவில் நூலகம் மூடும்வரை அங்குள்ள கணினியில் இடுபணி செய்தேன். வாரந்தோறும் அப்பா தொலைபேசியில், "என்னம்மா, இன்னுமா வரல?" என்று கேட்பார். கடைசியில் அது வந்தது. விலை 3,900 ரிங்கிட்!

1. எதை முன்கூட்டியே அறியலாம்?

மடிக்கணினி நிறுவனங்களில் பெரும்பாலானவை செயலியைத் தாங்களே செய்வதில்லை. இன்டெல், ஏஎம்டி, குவால்காம் போன்ற நிறுவனங்களிடம் வாங்குகின்றன. அந்நிறுவனங்கள் ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியிலும், ஆண்டின் நடுவில் தைப்பேயில் நடக்கும் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியிலும் தங்கள் புதிய செயலிகளைப் பற்றி அறிவிப்பது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, 'லூனார் லேக்' என்ற செயலியின் விவரங்களை இன்டெல் 2024 ஜூனில் கம்ப்யூடெக்ஸில் வெளியிட்டது. ரேம் எனப்படும் நினைவகம் செயலியோடு சேர்த்தே பொருத்தப்படும் என்றும், அது 32 கிகாபைட்டுக்கு மேல் போகாது என்றும் அப்போதே தெரிந்துவிட்டது. அச்செயலி கொண்ட மடிக்கணினிகள் செப்டம்பரில்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே, அவற்றில் 64 கிகாபைட் நினைவகம் வரும் என்றோ, பிறகு நாமே கூட்டிக்கொள்ளலாம் என்றோ யாராவது சொல்லியிருந்தால், அது தவறு என மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். உள்ளுறுப்புகளைப் பற்றிய ஊகத்திற்கு இத்தகைய அடிப்படை உண்டு.

2. விலையை ஏன் கணிக்க முடிவதில்லை?

விலையோ கடைசி நேரத்தில் முடிவு செய்யப்படுவது. போட்டியாளரின் விலை, உறுப்புகளின் விலை, எத்தனை விற்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். தயாரிப்பவர் சொன்ன விலைகூட மாறியதற்குச் சான்றுகள் உள்ளன.

2005ஆம் ஆண்டில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக 100 டாலர் மடிக்கணினித் திட்டத்தை அறிவித்தார். 2007ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியபோது அதன் விலை சுமார் 188 டாலர். அரசாங்கங்கள் இலட்சக்கணக்கில் வாங்கும் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்ட விலை அது. எதிர்பார்த்த அளவுக்கு அவை முன்வரவில்லை.

அதே 2007 ஜூனில் ஏசுஸ் நிறுவனம் தனது 'ஈ பிசி' என்ற சிறிய மடிக்கணினி 199 டாலரிலிருந்து கிடைக்கும் என்றது. ஆண்டு இறுதியில் 4 கிகாபைட் சேமிப்பகம் கொண்ட வகை அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்கப்பட்டது. அப்படியும் அது நன்றாக விற்றது என்பது வேறு கதை.

2020 நவம்பரில் ஆப்பிள் தனது சொந்த எம்1 செயலியுடன் மேக்புக் ஏரை வெளியிட்டது. இன்டெலுக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாவதால் விலை குறையும் எனச் சிலர் ஊகித்தனர். விலையோ பழைய 999 டாலராகவே இருந்தது. தயாரிப்பாளருக்கு மிச்சமாகும் பணம் நமக்கு வந்தே தீரும் என்பதில்லை.

3. டாலரும் ரிங்கிட்டும்

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அப்போது பெருக்கிப் பார்ப்பது எளிது. இன்று அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் சுமார் 4.12 ஆனது. 999 டாலர் என்பது முதல் கணக்கில் 4,795 ரிங்கிட். இரண்டாம் கணக்கில் 4,116 ரிங்கிட். ஏழே மாதங்களில் 679 ரிங்கிட் வேறுபாடு! அதோடு, நிறுவனங்கள் நம் நாட்டு விலையை நேரடியாகப் பெருக்கி வைப்பதும் இல்லை. எனவே, டாலரில் வரும் வதந்தியை ரிங்கிட்டில் நம்புவது இரட்டை ஊகமாகும்.

4. காத்திருந்தால் விலை குறையுமா?

'கணினி விலை எப்போதும் இறங்கத்தான் செய்யும்' என்பது நம்மிடையே நிலவும் கருத்து. நீண்ட காலத்திற்கு அது பெரும்பாலும் உண்மை; குறுகிய காலத்திற்கு அல்ல. 2025ஆம் ஆண்டின் பிற்பாதியில் நினைவகத்தின் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்குத் தேவைப்படும் நினைவகத்தை உற்பத்தி செய்வதில் ஆலைகள் கவனம் செலுத்தியதே முக்கியக் காரணம். மூவார், பினாங்கு ஆகிய இடங்களில் ஆலைகளை வைத்திருக்கும் மைக்ரோன் நிறுவனம், 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்பதை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அவ்வாண்டு விலை இறங்கும் எனக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

5. நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே, புதிய மாடலைப் பற்றிக் கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

அ. செயலி நிறுவனம் அதிகாரப்பூர்வமாக அறிவித்துவிட்டதா?
ஆ. விற்பனைத் தேதியும் ரிங்கிட் விலையும் வந்துவிட்டனவா?
இ. அதுவரை என் படிப்பு தடையின்றி நடக்குமா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் காத்திருக்கலாம். மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் மற்ற இரண்டையும் கேட்கவே வேண்டாம். அத்தைக்கு மீசை முளைத்த பிறகு சித்தப்பா என்று அழைத்துக்கொள்ளலாம்.

நான் இறுதியில் வாங்கியது, முதல் நாளே கடையில் பார்த்த அதே மடிக்கணினிதான், விலையும் அதேதான். அப்பாவிடம் சொன்னபோது, "இதுதான் அப்பவே இருந்துச்சே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இழந்தது பணமன்று, ஒன்றரைப் பருவம். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.