ஐம்பதைத் தாண்டிய பின் தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்க: முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வு ஆணை கைக்கு வந்ததும் கற்பிக்கும் ஆசை ஓய்ந்துவிடுவதில்லை. பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள், உடம்பில் தெம்பு இருக்கிறது, வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டால் என்ன என்று கேட்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. எல்லா நாடும் இதற்கு இடம் கொடுக்காது. தென் கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவைப் பெரும்பாலும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. தாய்லாந்து அப்படிக் கதவைச் சாத்தவில்லை. ஐம்பது வயதானவர் அங்கே ஓய்வுக்காலத்தைக் கழிக்கத் தனி அனுமதியும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும். ஆசிரியராக அங்கே தங்கும் அனுமதி, வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் அனுமதியும் முடியும். இருபத்தைந்து வயதுக்காரர் வேறு பள்ளி தேடிக்கொள்வார். அறுபதில் அது எளிதல்ல. ஆகவே, வேலை முடிந்த பிறகு எந்த அனுமதியில் இருப்போம் என்பதை வேலை தேடுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

படி 1: வயதைக் கணக்கில் எடுங்கள்

50, 60 ஆகிய இரண்டு வயதுகள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. 50 நிறைந்தால் ஓய்வுக்கால அனுமதிக்குத் தகுதி வந்துவிடும். 60 தாய்லாந்து அரசு ஊழியர்களின் ஓய்வு வயது. அதனால் அரசுப் பள்ளிகள் பலவும் வெளிநாட்டு ஆசிரியரையும் அதற்கு மேல் எடுக்கத் தயங்குகின்றன. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் மருத்துவ வசதியிலும் 60-ஐத் தாண்டியவரைப் புதிதாகச் சேர்ப்பதில்லை.

என் கருத்தில், விருப்ப ஓய்வு பெற்று 52, 53 வயதில் கிளம்புவது நல்ல காலம். 60-க்குப் பிறகு போகிறவர் தனியார் பள்ளி, மொழிப் பயிற்சி மையம் என்று குறுகிய வட்டத்தில் தேட வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கும் சொந்தமாக வழி செய்துகொள்ள வேண்டும்.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர் பலர் தடுக்கி நிற்பது இங்கேதான். பட்டச் சான்றிதழில் எஸ். மீனாட்சி, பாஸ்போர்ட்டில் மீனாட்சி சுந்தரம், பி.எட். சான்றிதழில் கணவர் பெயரின் முதலெழுத்து. நமக்கு இவை மூன்றும் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். பாங்காக்கில் கோப்பைப் புரட்டும் அலுவலருக்கு மூன்று பேர். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் வழக்கமே அவருக்குப் புதிது. அவருடைய படிவத்தில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அதனால் கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசைமேல் பரப்பி, பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதலெழுத்து மட்டும் வேறுபட்டால் நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் உதவும். பெயரே வேறுபட்டால் அரசிதழில் வெளியிட்டு, பாஸ்போர்ட்டையும் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது சான்றொப்பம். பட்டச் சான்றிதழை மாநில அரசு சரிபார்க்க வேண்டும். பிறகு வெளியுறவு அமைச்சகம். அதன்பின் தாய்லாந்துத் தூதரகம். நீங்கள் படித்ததை உறுதிசெய்யும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கும் பள்ளிகளும் உண்டு. முப்பது ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாள் பிடிக்கும். பாஸ்போர்ட் சேவா மையத்தில் காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். அதைப் புதிதாகத்தான் கேட்பார்கள்.

படி 3: தேர்வும் பயிற்சியும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாட்டவர் என்பதால் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். டோயிக் தேர்வில் 990-க்கு 600 என்பது வழக்கமான வரம்பு. ஆங்கில ஆசிரியராக இருந்தவருக்கு இது பெரிய மலை இல்லை. ஆனால் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ரொம்பவும் முன்கூட்டி எழுதிவிடாதீர்கள்.

பயிற்சிச் சான்றிதழில் கேம்பிரிட்ஜின் செல்டாவுக்கு நல்ல மதிப்பு. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுப்பார். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழ்கள் பலவற்றில் இது கிடையாது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு எதற்குப் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். இலக்கணத்தைக் கரும்பலகையில் விளக்கிப் பழகிய நமக்கு, ஆசிரியர் குறைவாகப் பேசி மாணவரை நிறையப் பேசவைக்கும் முறை வேறு கலை. பி.எட். இருந்தால் விடாமல் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாதவருக்குத் தாய்லாந்து ஆசிரியர் மன்றம் தற்காலிக அனுமதிதான் தரும்.

படி 4: வேலை தேடும் பருவம்

பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். இரண்டாம் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கும். ஆகவே மார்ச் முதல் மே வரை, பிறகு அக்டோபர், இவைதான் ஆள் எடுக்கும் மாதங்கள்.

விளம்பரங்களில் ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் மட்டும்’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அழகாக ஆங்கிலம் கற்பிக்கும் இந்தியரும் பிலிப்பினோவும் இந்த ஒரு வரியால் ஒதுக்கப்படுகிறார்கள். எடுத்துக்கொண்டாலும் சம்பளத்தில் குறைக்கிறார்கள். இது அநியாயம். இருந்தாலும் வழி இருக்கிறது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே நடத்தும் பிரிவுகள் அங்குள்ள பள்ளிகள் பலவற்றில் உண்டு. அங்கே பாடத்தில் தேர்ந்த ஆசிரியருக்குத்தான் மதிப்பு. கணித ஆசிரியராக இருந்து ஆங்கிலமும் நன்றாக வருமென்றால் அதையே முதலில் சொல்லுங்கள்.

ஏஜென்சி வழியாகப் போனால் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படியுங்கள். பத்து மாதச் சம்பளம் மட்டும் தருவது அங்கே சகஜம். விடுமுறை மாதங்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

படி 5: விசா, வேலை அனுமதி

பள்ளி தரும் கடிதங்களை வைத்து ‘நான்-இமிகிரன்ட் பி’ விசா வாங்க வேண்டும். அதில் 90 நாள் தங்கலாம். அதற்குள் வேலை அனுமதி பெற்று, இமிகிரேஷன் அலுவலகத்தில் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். கணவர் அல்லது மனைவிக்குச் சார்ந்திருப்போர் விசா உண்டு. அதை வைத்து அவர் வேலை பார்க்க முடியாது. சுற்றுலாவாக வந்து வகுப்பைத் தொடங்குங்கள், காகிதம் பிறகு பார்க்கலாம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான்.

நீட்டிப்பு கிடைத்த அன்றே மறுநுழைவு அனுமதியையும் வாங்கிவிடுங்கள். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வந்தால் ஓராண்டு அனுமதி ரத்தாகிவிடும். நம் வயதில் ஊரில் மூத்தவர்கள் இருப்பார்கள். துக்கச் செய்தி வந்தால் கிடைத்த விமானத்தில் ஏறுவோம். அந்த நேரத்தில் இது நினைவில் இருக்காது. பல முறைக்கான அனுமதியே பாதுகாப்பு. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிப்பதையும் மறக்கக் கூடாது.

படி 6: ஊரில் விட்டுச் செல்லும் கணக்குகள்

வங்கியில் சொல்லி சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்ச் சான்றை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பெறலாம். ஆண்டில் 180 நாள் அங்கே இருந்தால் தாய்லாந்தில் வரி செலுத்த வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். இங்கிருந்து கொண்டுபோகும் வருமானமும் அதில் வரலாம். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஆடிட்டரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். இங்குள்ள மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது.

படி 7: வகுப்பறை

தாய்லாந்துக் குழந்தைகள் எழுந்து நின்று கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். ஆசிரியரிடம் அவ்வளவு மரியாதை. ஆனால் கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடும். தப்பாகச் சொல்லி நாலு பேர் முன்னால் அவமானப்படுவதைவிட மௌனம் மேல் என்ற எண்ணம் அது. தனியாக எழுப்பிக் கேட்காமல் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் வாய் திறக்கும்.

உச்சரிப்பில் அவர்கள் சிரமம் சொல்லின் கடைசியில் இருக்கிறது. தாய் மொழியில் எந்தச் சொல்லும் ‘ல்’, ‘ஸ்’ ஒலியில் முடியாது. அதனால் ‘ஸ்கூல்’ என்பது ‘சகூன்’ ஆகும், ‘பில்’ என்பது ‘பின்’ ஆகும், ‘ரைஸ்’ வெறும் ‘ரை’ ஆகிவிடும். உணவகத்தில் பில் கேட்கும்போது எல்லோரும் ‘செக் பின்’ என்பதைக் கேட்கலாம். ‘பில்’ என்று சொல்லி, நாக்கின் நுனியைப் பல்லுக்குப் பின்னால் அழுத்திய நிலையிலேயே வாயைத் திறந்து காட்டுங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். மூக்கை அடைத்தால் ‘ன்’ சரியாக வராது. தான் எதைச் சொல்கிறோம் என்று குழந்தைக்கே புரியும். இலக்கணத்தை அவர்கள் நாட்டு ஆசிரியரே நடத்திவிடுவார். உங்களை எடுத்தது பேசவைப்பதற்கு.

படி 8: அங்கேயே தங்க

ஓய்வுக்கால அனுமதிக்கு உள்ளூர் வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்த வைப்புத் தொகை நம் பணத்தில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தொகை கணக்கில் இருக்க வேண்டும் என்பதால், கடைசி ஒப்பந்தம் முடியும்வரை காத்திராமல் முதல் ஆண்டிலிருந்தே சேர்த்து வாருங்கள். இந்த அனுமதிக்கு மாறிய பின் சம்பளத்துக்குக் கற்பிக்க முடியாது. டியூஷனும் வேலைதான்.

வேலை விசாவிலேயே மூன்று ஆண்டு தொடர்ந்து நீட்டித்தவர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். என்றாலும் முதல் இரண்டு ஆண்டு வாடகை வீட்டிலேயே இருங்கள். மழைக்காலத்தில் தெரு எப்படி இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில் மருத்துவமனை இருக்கிறதா, சைவ உணவுக்காரர் என்றால் மீன் சாறு சேராத சாப்பாட்டுக் கடை உண்டா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.