‘எலிமென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழாக்கமும்

முன்னுரை

பிறமொழிச் சொல்லொன்றற்கு ஒரே தமிழ்ச்சொல் எல்லா இடத்தும் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தின் ‘எலிமென்ட்’ இதற்குத் தக்க சான்றாகும். அதன் பொருள் வேறுபாடுகளையும் அவற்றிற்குரிய தமிழ்ச்சொற்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல் வரலாறு

இச்சொல் ‘எலிமென்டம்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. எழுத்து, அடிப்படைப் பாடம், முதற்பொருள் ஆகியவற்றை அது குறித்தது. கிரேக்கத்தின் ‘ஸ்டாய்கெயான்’ என்பதும் எழுத்தையும் பூதத்தையும் சுட்டியது. முழுமையொன்றை ஆக்கும் அடிப்படை என்பதே இப்பொருள்களை இணைக்கும் பொதுமையாகும்.

துறைவழி வழக்குகள்

வேதியியலில் இது தனிமம். இலங்கை வழக்கில் மூலகம். கணிதத்தின் கணக் கோட்பாட்டில் உறுப்பு, திறனாய்வில் கூறு, பழைய மெய்யியலில் பூதம். மின்னடுப்பின் சூடேறும் கம்பிச்சுருளைப் பேச்சு வழக்கு ‘எலிமென்ட்’ என்றே வழங்குகிறது. ஆங்கிலச் செய்திகளில் சமூக விரோதச் செயலினரைச் சுட்டவும் இச்சொல் பயில்கிறது. ஆண்டுச் ‘சமூக விரோதிகள்’ என்பதே அமையும்.

மயங்குமிடம்

அரிஸ்டாட்டிலுக்கு நீர் பூதங்களுள் ஒன்று. இன்றைய வேதியியலில் அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்த சேர்மம். 1789-இல் லவாய்சியர் வெளியிட்ட தனிப்பொருள் பட்டியலில் நீர் இடம்பெறவில்லை. எனவே அரிஸ்டாட்டிலின் கருத்தை ‘நீர் ஒரு தனிமம்’ எனப் பெயர்த்தால், பழைய மெய்யியல் கொள்கை அறிவியற் பிழையாகத் தோன்றும். உலகம் ஐந்தன் கலப்பு என்னும் கருத்தைத் தொல்காப்பிய மரபியலும் கூறுதலின், ‘பூதம்’ என்பதே ஈண்டுப் பொருந்தும்.

முடிவுரை

அகராதியில் முதலில் நிற்கும் சொல்லைக் கொள்ளாது, துறையும் காலமும் நோக்கிச் சொல் தெரிதல் பெயர்ப்பாளர் கடன். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் பல சொற்கள் நிற்பது குறையன்று. பொருளைப் பிரித்துணர்த்தும் வளம் எனலாம்.