புரோக்கர் காசு: காணி பார்க்கப் போகும் முன்னமே பேசிக்கொள்ள வேண்டியது



தோட்டத்துக்கு வெளியே பத்து பேர்ச்சஸ் காணியோ ஒரு சின்ன வீடோ வாங்க வேண்டும் என்ற ஆசை இப்போது அநேகமான லயங்களில் இருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்புவது, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்புவது, ஓய்வு பெற்ற பெரியவரின் ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம், இவையெல்லாம் ஒன்று சேர்ந்துதான் அந்த ஆசை நிறைவேறுகிறது. நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் மலை ஏறி இறங்கியவருக்கு 420 நாள் சம்பளம். அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமலேயே கொடுத்துவிட்டு வருகிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துக் காணிக்குப் புரோக்கர் கிடையாது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும் காணியை அவர்களுக்கு விற்கவில்லை. ஆகவே லயத்துக் காம்பராவையோ தோட்ட ஓரத்துத் துண்டையோ "நான் எடுத்துத் தாரேன்" என்று யாராவது சொன்னால், அவரால் எழுதித் தர முடியாத ஒன்றுக்குக் காசு கேட்கிறார் என்று அர்த்தம். வீடமைப்புத் திட்டத்தில் பேர் போடுவதற்கும் கொமிஷன் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காமல் நேரே எங்களிடம் வாருங்கள்.

இனி வெளிக் காணிக்கு வருவோம். இங்கே புரோக்கர் தேவைப்படலாம். டவுனில் யார் காணி விற்கிறார் என்று கொழுந்து மலையில் நிற்கும் எமக்கு எப்படித் தெரியும்? நல்ல புரோக்கர்களும் இருக்கிறார்கள். அலைந்த உழைப்புக்குக் காசு கேட்பது பிழையும் இல்லை. எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை முன்னமே பேசாமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது.

வழக்கமாக, காணியை விற்றுத் தரச் சொன்னவர்தான் புரோக்கருக்குக் கொடுப்பார். நூற்றுக்கு 2, நூற்றுக்கு 3 என்று கேட்பது பரவலாக இருக்கிறது, இடத்துக்கு இடம் மாறும். ஆனால் சில புரோக்கர்மார் விற்பவரிடம் ஒரு பங்கும் வாங்குபவரிடம் ஒரு பங்கும் எடுக்கிறார்கள். இன்னார்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, பேசினபடிதான். அதனால்தான் பேச்சில் கவனம் வேண்டும். காணியை எழுதுவதற்குத்தான் நொத்தாரிசு வேண்டும். புரோக்கருக்குக் காசு தருவதாக வாயால் ஒத்துக்கொண்டாலும் அது ஒப்பந்தம்தான். "சரி அண்ணே, உங்களையும் பார்த்துக்கிறோம்" என்று மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை பிறகு வம்பாக வரும்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். பெரியவர் ஓய்வு பெற்று, மகனும் காசு போட்டு, 12 லட்சத்துக்குக் காணி பேசியிருந்தார்கள். காணியைக் காட்டியவர் மூன்று மாதமாக ஒரு சதமும் கேட்கவில்லை. "நீங்க நம்ம ஆளு, உங்ககிட்ட என்ன காசு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உறுதி எழுதுகிற அன்று காலையில், நொத்தாரிசு கந்தோர் வாசலில் வைத்து, நூற்றுக்கு 3 என்று 36,000 ரூபாய் கேட்டார். கூட வந்த இன்னொருவரைக் காட்டி, "இவர்தான் முதல்ல எனக்குச் சொன்னவரு, இவருக்கு 10,000" என்றார். வேன் ஓடியதற்கு 5,000. மொத்தம் 51,000. தந்தால்தான் கையெழுத்து என்றும் சொல்லிவிட்டார். கையில் மிச்சம் இருந்தது கூரைத் தகரத்துக்கு வைத்திருந்த காசு மட்டும்தான். அந்த அம்மா கழுத்தில் கிடந்ததைக் கழற்றவே போய்விட்டார்.

மகன் எங்களுக்குப் போன் எடுத்தார். நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: வாசலில் நின்று பேசாதீர்கள், உள்ளே போய் விற்பவர் முன்னாலும் நொத்தாரிசு முன்னாலும் கேளுங்கள். கேட்டார்கள். விற்பவருக்கு ஆச்சரியம். "நான்தானே இவருக்கு கொமிஷன் கொடுக்கிறேன், உங்ககிட்டயுமா கேட்டாரு?" என்றார். புரோக்கர் வாய் அடங்கிப் போனது. கடைசியில் வேன் செலவு 5,000 மட்டும் கொடுத்து, அதற்கும் ரிசீட் எழுதி வாங்கினார்கள். உறுதியும் அன்றைக்கே எழுதி முடிந்தது.

இதிலே விளங்கிக்கொள்ள வேண்டியது, உறுதியில் கையெழுத்து விழுவதை நிறுத்துகிற அதிகாரம் புரோக்கருக்கு இல்லை என்பதை. விற்பவர், நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், இவர்கள் இருந்தால் போதும். சில இடங்களில் புரோக்கரே சாட்சியாக நிற்பார், அதை வைத்துத்தான் இழுத்தடிப்பார். விற்பவரைத் தெரிந்த வேறு இரண்டு பேரைக் கூட்டி வரும்படி விற்பவரிடமே முன்னமே சொல்லி வையுங்கள்.

இப்போது கணக்கு. வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 12 லட்சம் ரூபாய் காணிக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு? முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, அது 3,000. மிச்சம் 11 லட்சத்துக்கு நூற்றுக்கு 4, அது 44,000. கூட்டினால் 47,000. இது வாங்குபவர் கட்ட வேண்டியது, மாகாணத்துக்குப் போகிற பணம், புரோக்கருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு மேல் நொத்தாரிசு கூலி, காணிப் பதிவகத்துச் செலவு, தேவைப்பட்டால் சர்வேயர் கூலி. "எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்கிட்ட குடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று புரோக்கர் சொன்னால் அந்த ஒரு லட்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே வராது. நொத்தாரிசிடம் நீங்களே போய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வை கட்டிய சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். நொத்தாரிசு யார் என்பதையும் காசு கொடுக்கிற நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், புரோக்கர் இல்லை.

தீர்வையைக் குறைக்க உறுதியில் 5 லட்சம் என்று போடலாம் என்பார்கள். வேண்டாம். தீர்வை காணியின் உண்மையான பெறுமதிக்குத்தான், பிறகு குறைத் தொகையைக் கேட்டுக் கடிதம் வரும். நாளைக்குக் காணியில் ஒரு வழக்கு என்றாலும் நீங்கள் கொடுத்தது 5 லட்சம் என்றுதான் எழுத்தில் நிற்கும்.

கேட்காமலே எடுக்கிற கொமிஷனும் ஒன்று உண்டு. விற்பவர் 10 லட்சம் போதும் என்கிறார், புரோக்கர் உங்களிடம் 12 லட்சம் என்கிறார். நடுவில் 2 லட்சம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விலையை விற்பவர் வாயாலேயே கேட்பது. "அவருக்கு நேரம் இல்லை", "அவர் கண்டியில்", "அவருக்குக் கோபம் வரும்" என்று விற்பவரைச் சந்திக்கவே விடாத புரோக்கரோடு நாங்கள் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவோம். அட்வான்சையும் புரோக்கர் கையில் கொடுக்கக்கூடாது. சும்மா தாளில் எழுதி வாங்கிய அட்வான்சைக் காட்டி, காணியை எழுதித் தா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அதற்கு நொத்தாரிசு முன்னால் எழுதிய விற்பனை உடன்படிக்கை வேண்டும். அதை எழுதும் முன்பே காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்க்கச் செய்ய வேண்டும்.

காணி பார்க்கப் போகும் முன்பே புரோக்கரிடம் ஒரு சின்னத் தாளில் இப்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல மனுஷன் என்றால் கோபப்பட மாட்டார்:

"இந்தக் காணியைக் காட்டியதற்கு வாங்குபவரிடமிருந்து நான் எடுப்பது மொத்தம் ........ ரூபாய் மட்டும். வேன் செலவும் என்னோடு வேலை செய்கிறவர்களின் பங்கும் இதற்குள் அடங்கும். உறுதி எழுதிய பிறகுதான் இந்தக் காசைப் பெறுவேன். காணி எழுதப்படாவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டேன்."

கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, கையெழுத்து. ஒன்றும் கொடுப்பதாகப் பேசவில்லை என்றால் புள்ளியிட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

தாள் ஒன்றும் எழுதாமலே காசு கொடுத்துவிட்டவர்களும் இருப்பீர்கள். எந்த நாள், எவ்வளவு, யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மறப்பதற்குள் எழுதி வையுங்கள். காசுத் தகராறை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம், அங்கே பேச வக்கீல் தேவையில்லை. காணியை இரண்டு பேருக்குப் பேசி ஏமாற்றியது, அட்வான்சோடு ஆள் மறைந்தது போன்றவை பொலிசுக்குப் போக வேண்டியவை. வழக்கு என்று வந்து வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம். எங்கே போவதென்றாலும் ரிசீட்டுகளையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் கந்தோருக்கு ஒருமுறை வாருங்கள். முறைப்பாட்டை எழுத நாங்கள் உதவி செய்வோம்.