சத்திரத்தில் சேர்த்தவன்

வேதபாடம்: லூக்கா 10:30-35



நல்ல சமாரியன் கதை நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் 34, 35 வசனங்களை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வழியில் கிடந்தவனுக்குக் காயம் கட்டினதோடு அவன் போய்விடவில்லை. தன் மிருகத்தின்மேல் ஏற்றி ஒரு சத்திரத்தில் சேர்த்தான். ராத்திரி கூட இருந்தான். காலையில் சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்தான். திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்று பொறுப்பும் ஏற்றான். சுகமாக நாள் எடுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நம்ம புதுச்சேரியில் போதை என்றால் சாராயக்கடை, ஒயின்ஷாப், மிஞ்சினால் கஞ்சா என்றுதான் நினைப்பு ஓடும். இப்போது பேப்பரில் அடிக்கடி வருகிற பெயர் மெத்தம்பெட்டமைன். பையன்கள் மெத் என்பார்கள், ஐஸ் என்பார்கள். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். வாடை கிடையாது. வாயை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற தாய்மாருக்கு இது பிடிபடாது.

எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு டிரம் ஒதுங்கியது. உள்ளே சீனத் தேயிலைப் பொட்டலம் மாதிரி கட்டி, 78 கிலோ மெத். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் அந்த ஊர்தான். 2023 மே மாதம் கொச்சி பக்கம் கடலில் சுமார் 2,500 கிலோ பிடிபட்டது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றில் கடலோரக் காவல்படை 5,000 கிலோவுக்கு மேல் பிடித்தது. பிடிபட்டதே இவ்வளவு!

இதன் சரித்திரம் பழையது. 1893-ல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி இதை முதலில் தயாரித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஜப்பானில் சிப்பாய்களோடு ஆலைத் தொழிலாளிக்கும் போனது, தூங்காமல் வேலை செய்யட்டும் என்று. தாய்லாந்தில் லாரி ஓட்டுகிறவர்கள் இதே காரணத்துக்காகத்தான் போட்டார்கள். அங்கே இதன் பெயர் யாபா, பைத்திய மருந்து என்று அர்த்தம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள் உள்ள நம்ம சபை இதைக் கவனிக்க வேண்டாமா? "ஒண்ணு போட்டா விடியவிடிய அசதியே தெரியாது"ன்னு ஒருத்தன் நீட்டினால், அது மருந்து இல்லை என்று பையனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சரீரத்தில் என்ன செய்கிறது? சந்தோஷம், ஊக்கம் இவைகளுக்காக மூளையில் டோபமின் என்ற ஒன்று அளவாகச் சுரக்கும்படி தேவன் வைத்திருக்கிறார். மெத் அதை ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது. அப்புறம் மனைவி சமைத்த மீன்குழம்பிலும் ருசி இல்லை, பெற்ற பிள்ளையின் சிரிப்பிலும் ருசி இல்லை. நாள்கணக்கில் தூக்கம் வராது. பசி எடுக்காது, ஆள் உருகிப் போவான். வாய் உலர்ந்து, பல்லை நறநறவென்று கடித்துக் கடித்துப் பல் சொத்தையாகும். இருதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். வாலிப வயதிலேயே பக்கவாதம், மாரடைப்பு வருவதுண்டு. தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். யாரோ பின்தொடர்கிறார்கள் என்று கதவைத் தாழ்போட்டு உட்காருவார்கள். காதில் குரல் கேட்கும்.

இங்கேதான் நான் வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு தாயார் என்னிடம் வந்து, "பாஸ்டர், பையன் நாலு நாளா தூங்கல. சுவத்தப் பாத்துப் பேசறான். பேய் புடிச்சிருக்கு, வந்து துரத்துங்க"ன்னு அழுதார்கள். பிசாசின் கிரியை என்று ஒன்று உண்டு என விசுவாசிக்கிறவன்தான் நான். ஆனாலும் நாலு நாள் தூங்காதவனைச் சுற்றி நின்று சத்தம் போட்டு, தலையைப் பிடித்து உலுக்கினால் அவன் பயம் இரட்டிப்பாகும், அடிக்கவும் வருவான். அவனுக்கு இருட்டறையும் அமைதியும் டாக்டரும் வேண்டும். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டான், சாப்பாடும் தண்ணீரும் வைத்தான், மறுபடியும் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19).

சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை மறந்துவிட்டோமா? 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஜெபவீடு என்று போர்டு மாட்டினாலும் சட்டம் சட்டந்தான்.

இனி சத்திரத்துக்கு வருவோம். மெத்துக்கு மாற்று மருந்து என்று அங்கீகரிக்கப்பட்டது இன்றுவரை இல்லை. "ஒரே ஊசி, விட்டுடுவான்" என்று விளம்பரம் செய்கிறவனை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சிகிச்சை என்பது தங்கி இருந்து, பேசிப் பேசி, பழக்கத்தை மாற்றுவதுதான். நிறுத்தின முதல் நாட்களில் ஓயாத தூக்கம், அகோரப் பசி, பிறகு தாங்க முடியாத மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வருகிற நாட்கள் அவை. கூட ஆள் இருந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம். பிறகு ஆலோசகர் கேட்பார்: எப்போது ஆசை எழும்புகிறது? சம்பள நாளா? அந்த நண்பன் போன் பண்ணும்போதா? அந்த லைட்டரைப் பார்த்தாலா? ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லிக்கொடுப்பார். சில நாடுகளில், சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லை என்று வந்தால் சின்னப் பரிசு கொடுக்கிறார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்தப் போதைக்கு நன்றாய்ப் பலன் தருவதாக ஆராய்ச்சிகள் கண்ட முறை அது.

நமக்குப் பக்கத்தில் கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவில் போதைக்குச் சிகிச்சை உண்டு. சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் ஆரம்பித்தது. அங்கே குடும்பத்தாருக்கும் தனியாகப் பாடம் நடத்துகிறார்கள். அது மிகவும் சரி என்பேன். வீட்டில் சத்தமும் சந்தேகமும் பழையபடியே இருந்தால் திரும்பி வருகிறவன் எத்தனை நாள் நிற்பான்?

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் புடிச்சுக்கும்" என்ற பயம் வேறு. விற்கிறவனுக்குச் சட்டம் கடுமைதான். 50 கிராமுக்கு மேல் பிடிபட்டால் 10 முதல் 20 வருஷம் கடுங்காவல். ஆனால் போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் மாட்டின அடிமை தானாக முன்வந்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம்.

சமாரியன் கொடுத்தது இரண்டு பணம். மத்தேயு 20:2-ன்படி பார்த்தால் இரண்டு நாள் கூலி. பெரிய தொகை இல்லை. அவன் திரும்பி வருவதாகச் சொன்னதுதான் பெரிது. மெத்தை விட்டவர்களின் மூளையில் பாதிக்கப்பட்ட டோபமின் பாகம் ஒரு வருஷத்துக்கும் மேல் விலகி இருந்த பிறகே நன்றாய்த் தேறி வந்ததாக ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் தங்கி வந்தவனிடம் மறுநாளே சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டாதீர்கள். நடுவில் விழுந்தால், "அப்பவே சொன்னேன்" என்று பேசாமல், திரும்ப டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வீட்டில் இப்படி யாராவது இருந்தால் 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் பண்ணலாம். சாக நினைக்கிறேன் என்று சொன்னால் 14416, ராத்திரி பகல் எந்நேரமும். ஜிப்மருக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், பெயர் வெளியே போகாது. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும். நானும் கூட வருகிறேன்.