ஒரே பெயரில் இரு கப்பல்கள்

அன்புள்ள நிலா,

1941 டிசம்பரில் அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் வெடிவைத்து முடக்கப்பட்ட ‘குயீன் எலிசபெத்’, 1942-இல் எப்படி அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்திருக்கும்? இரண்டு புத்தகங்களில் ஒன்று தவறு என்கிறாய். இரண்டும் சரிதான். கப்பல்கள்தான் வேறு வேறு.

வெடிக்கு இலக்கானது பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல். 1913-இல் நீரில் இறக்கப்பட்டது. இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள் டார்பிடோ போன்ற ஊர்தியின் மேல் அமர்ந்து இரவில் துறைமுகத்துக்குள் புகுந்து, அதன் அடியில் குண்டு வைத்தார்கள். கப்பல் மூழ்கி அடித்தரையில் அமர்ந்தது. ஆனால் அங்கே ஆழம் குறைவு. மேல்தளம் நீருக்கு மேலேயே நின்றது. வானத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சேதமே தெரியவில்லை! அமெரிக்காவில் பழுதுபார்த்தபின், 1944-இல் அது நம் பக்கம் திருகோணமலைக்கே வந்து நின்றது.

மற்றது குனார்ட் நிறுவனத்தின் பயணிகள் கப்பல். 1938-இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் நீரில் இறக்கப்பட்டது. அலங்கார வேலை முடியுமுன்பே போர் வந்துவிட்டது. 1940 மார்ச்சில் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் நியூயார்க்குக்கு ஓடியது. பிறகு ஒரே பயணத்தில் 15,000 பேரைக்கூடச் சுமந்திருக்கிறது. படைவீரர்களை ஏற்றியதால் அது போர்க்கப்பலாகிவிடவில்லை. குனார்ட் மாலுமிகளே ஓட்டினார்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

போர்க்கப்பலுக்குப் பெயர் தந்தவர் 16-ஆம் நூற்றாண்டு அரசி. பயணிகள் கப்பலுக்குப் பெயர் தந்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி. கடற்படையின் பெயர்ப்பட்டியல் தனி, வணிகக் கப்பல்களின் பதிவேடு தனி. ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் இருக்க முடிந்தது. இன்றும் அப்படித்தான்: 2017-இல் பணியில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலும், 2010-இல் வந்த குனார்ட் உல்லாசக் கப்பலும் ‘குயீன் எலிசபெத்’தான்.

எனவே பெயரை மட்டும் நம்பாதே. முன்னொட்டைப் பார்: எச்.எம்.எஸ். என்றால் பிரிட்டிஷ் கடற்படை, ஆர்.எம்.எஸ். என்றால் அரச அஞ்சல் சுமந்த கப்பல். ஆண்டையும் பார். பழைய குனார்ட் கப்பல் 1972-இல் ஹாங்காங்கில் எரிந்தபோது அதன் பெயர் ‘சீவைஸ் யுனிவர்சிட்டி’. பெயரை மட்டும் தேடினால் அந்தச் செய்தி உன் கையில் சிக்கியிருக்காது.

இந்தத் தொல்லைக்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் இருக்கிறது. பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் வணிகக் கப்பலின் எண் மாறாது. கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு. குனார்ட்டின் மற்றொரு கப்பலான ‘குயீன் எலிசபெத் 2’-இன் எண் 6725418. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கு: 42, 42, 10, 20, 12, 2. கூட்டினால் 128. அதன் கடைசி இலக்கம் 8. எண்ணின் முடிவிலும் 8.

அதே நிறுவனத்தின் ‘குயீன் மேரி 2’ கப்பலுடைய எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் 924106. ஏழாவது என்ன என்று கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா